நல்ல வீதியைக் காப்பதில் விடும் தவறுகள்

போர் முடிந்த 2009க்குப் பிறகு, கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதி தொடங்கி இலங்கையின் வடக்கே வன்னியின் வீதிகள் பலவும் சில ஆண்டு இடைவெளிக்குள் காபற் (தாரும் சல்லியும் கலந்த மேற்பரப்பு) கண்டன. ஒரே காலத்தில் பிறந்தவை, இப்போது ஒன்றாகவே கிழடுதட்டுகின்றன. எல்லாவற்றையும் கிண்டித் திரும்பப் போடக் காசில்லை. அதனால் வெடிப்புகளுக்குத் தார் விடுவது, எமல்சன் (நீரில் கலந்த தார்) தெளிப்பது, தார் தெளித்துச் சல்லி பரப்புவது, எமல்சனையும் நுண்சல்லியையும் குழம்பாக்கிப் பூசும் சிலறி சீல், அதிலும் உறுதியான மைக்ரோ சர்பேசிங் என்று மெல்லிய காப்பு வேலைகளைப் பற்றிப் பேசுகிறோம். வேலைகளில் பழுதில்லை, தெரிவு செய்வதில்தான் பிழைக்கிறது.

ஆக மோசமான வீதியிலிருந்து தொடங்குவதே பெரிய தவறு. சனம் மறித்துப் போராடிய வீதி, பேப்பரில் படம் வந்த வீதி என்று தேடிப்போய் மெல்லிய பூச்சுப் போடுகிறோம். அந்த வீதிக்கு வேண்டியது புனரமைப்பு. காப்பு வேலை இன்னும் நன்றாக இருக்கிற வீதிக்கு உரியது. வெளிறி, மேல்தார் காய்ந்து, மெல்லிய வெடிப்பு ஓடத் தொடங்கும் கட்டத்திலேயே அதைச் செய்யவேண்டும். "நல்லாத்தானே கிடக்கு, ஏன் காசைக் கொட்டுறியள்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

வெடிப்பின் வகையைப் பாராமல் பூசுவது அடுத்தது. சில்லுத் தடத்தில் முதலைத்தோல் மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்திருந்தால் அடித்தளம் போய்விட்டது என்று கொள்ளலாம். மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். டிப்பர் ஏறி இறங்கும்போது வெடிப்புக்குள்ளிருந்து சேற்றுநீர் பீச்சும். காய்ந்தபின் வெடிப்போரம் கிரவலின் செந்நிறக் கறை படிந்திருக்கும். அந்த இடத்தை வெட்டியெடுத்து அடியிலிருந்து நிரப்பாமல் மேலே எதைப் பூசினாலும் வீண். மண் டிப்பர் ஓடும் பாதையென்றால் பாரத்தையும் கணக்கிடவேண்டும். அச்சுப் பாரம் இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும். அமெரிக்காவின் இலினோயில் 1958–60இல் செய்த வீதிப் பரிசோதனையிலிருந்து வந்த கணக்கு அது.

தண்ணீரை மறந்து தாரைப் பார்ப்பதும் உண்டு. வயலோர வீதிகளில் கரை மண்ணேறிப் புல் வளர்ந்து வீதியைவிட உயர்ந்து நிற்கும். மழைநீர் இறங்க வழியில்லாமல் ஓரத்தில் தேங்கும். முதலில் கரையைச் செதுக்கி, மதகுகளைத் துப்புரவாக்குங்கள். செலவும் குறைவு.

வன்னிக்கே உரிய தவறு காலம் பார்க்காதது. நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. காசோ பிந்தித்தான் வரும். ஆக ஒக்டோபருக்குப் பிறகு, சரியாக மாரிமழைக்குள், "முடிச்சுக் காட்ட" அவசரப்படுகிறோம். எமல்சனிலிருந்து நீர் பிரிந்து தார் பிடிக்கமுன் ஒரு மழை கொட்டினால் காசு வாய்க்காலோடு போகும். சரி, மாரி கழிந்து செய்வோமென்றால் காலபோக அறுவடை. காபற் வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும். தூசியிலும் பதரிலும் தார் ஒட்டாது, புதிய தாரில் நெல் ஒட்டும். கமக்கார அமைப்போடு முன்கூட்டியே பேசி, நெல் அள்ளிய பிறகு கூட்டித் துப்புரவாக்கிக் கோடையில் செய்வதுதான் புத்தி. குளிர்நாட்டுக் கைநூல்களில் உறைபனிக்கென்று சொல்லியிருப்பதை இங்கே இழுக்கத் தேவையில்லை. எங்கள் தாரைக் கெடுப்பவை வெயிலும் வெள்ளமும்.

இனி மதிப்பீடு. பூசி ஒரு கிழமையில் கறுகறுவென்று இருப்பது வெற்றியல்ல. சதுர மீற்றர் விலையை மட்டும் பார்ப்பதும் ஏமாற்று. பேச்சுக்கு, 100 ரூபா வேலை வீதியின் ஆயுளை 2 ஆண்டு கூட்டினால் ஆண்டுக்கு 50 ரூபா. 180 ரூபா வேலை 6 ஆண்டு கூட்டினால் 30தான். இங்கே எண்ணவேண்டியது பூச்சு கிடக்கும் காலத்தை அல்ல, பூசாமல் விட்டிருந்தால் வீதி தாங்கியிருக்கக்கூடிய காலத்துக்கு மேல் கிடைத்த ஆண்டுகளை.

அதை அறிய, அதே வீதியில், அதே போக்குவரத்தில், 100 மீற்றரைப் பூசாமல் விடவேண்டும். வேலைக்கு முன்பும் ஒவ்வொரு மாரிக்குப் பின்பும் அதே கிலோமீற்றர் கல்லடியில் நின்று படமெடுத்து வெடிப்பை அளந்து குறியுங்கள். விட்ட துண்டில் ஒரு பலகை நட்டு விளக்கமும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஊரவர் ஒப்பந்தகாரர் களவெடுத்துவிட்டார் என்று பிரதேச சபைக்குப் போவார்கள், அடுத்த கிழமையே யாராவது வந்து அதையும் பூசச் சொல்வார்கள்.