மலை நடைக்கு எவ்வளவு தண்ணீர் எடுப்பது?

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் நடக்கும்போது நாள் முழுவதுக்குமான தண்ணீரைக் காலையிலேயே சுமக்க வேண்டாம். அடுத்த ஓடைக்கு எத்தனை மணி நேரம் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டு, மணிக்கு அரை லிட்டர் கணக்கில் எடுத்து, கூடவே அரை லிட்டர் கைக்காவலாக வையுங்கள். ஓடைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாட்டிலை நிரப்பிக் குளோரின் மாத்திரையைப் போட்டுவிட்டு, அப்புறம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஏற்றத்தில் அது நன்றாகவே தெரியும். மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும், ஜில்லென்ற தண்ணீரில் இன்னும் கூடுதலாக. சாப்பிட்டு முடிப்பதற்குள் அது தயாராகிவிடும், அங்கேயே வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கிளம்பலாம். பலரும் மறப்பது பாட்டிலில் மூடி திருகும் மரையை: மாத்திரை கரைந்ததும் மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் கவிழ்த்து, மருந்துத் தண்ணீர் அதன் வழியே கசியும்படி விடுங்கள். வாய் படும் இடம் அதுதானே. கொதிக்க வைப்பவர்கள் 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம் தளதளவென்று கொதிக்க விட வேண்டும்.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாகக் கீழே இறங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு போதாது. இறங்க இறங்க வெயில் ஏறும், மணிக்கு ஒரு லிட்டர் வையுங்கள். மார்ச், ஏப்ரலில் ஓடையை நம்பவே கூடாது. பூம்பாறை, மன்னவனூர் போலக் காய்கறித் தோட்டங்களுக்குக் கீழே ஓடும் தண்ணீரும் வேண்டாம். பூச்சிமருந்து மாத்திரைக்கும் போகாது, கொதித்தாலும் போகாது. அங்கெல்லாம் ஊரிலேயே முழுசாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.