முதலில் தாள், பிறகு பிலிம்: பெரிய அளவுக் கருப்பு வெள்ளை அச்சுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

விளக்குப்பெட்டியின் மேல் 4×5 அங்குல நெகட்டிவை வைத்துப் பார்க்கும்போது மனம் நிறைந்துவிடும். இலையின் நரம்பு வரை தெரியும். அதையே அச்சிட்டுக் காயவைத்தால் சாம்பல் பூத்த ஒரு படம் கையில் இருக்கும். ஏறக்குறைய ஒரு வருடம் எனக்கு இப்படித்தான் போனது. பிலிமை மாற்றினேன், டெவலப்பரை மாற்றினேன், மறுபடியும் பிலிமை மாற்றினேன். தாளை மட்டும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பூட்டைப் பார்க்காமல் சாவி செய்துகொண்டிருந்தேன். நெகட்டிவ் என்பது ஒரு குறிப்பிட்ட தாளுக்காகச் செய்யப்படுவது. எந்தத் தாள் என்று முடிவாகாதவரை நல்ல நெகட்டிவ் எது என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

ஹோல்டரில் பிலிம் ஏற்றுவதும் தட்டில் டெவலப் செய்வதும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: அச்சின் அளவை முடிவு செய்யுங்கள்

4×5 நெகட்டிவிலிருந்து 16×20 அங்குல அச்சு எடுத்தால் பெருக்கம் 4 மடங்குதான். 35 மி.மீ. பிலிமிலிருந்து அதே அச்சை எடுக்க ஏறக்குறைய 17 மடங்கு பெருக்க வேண்டும். சிறிய கேமராக்காரர்கள், பெருக்கும்போது புள்ளிபோல் தெரியும் பிலிமின் துகள்களைப் பற்றிச் செய்யும் விவாதங்களில் முக்கால்வாசி நமக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். துகள் தெரியுமே என்று பயந்து வேகம் குறைந்த பிலிமை வாங்க வேண்டாம்.

8×10 கேமரா வைத்திருப்பவர்களுக்கு, நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரே தேவையில்லை. நெகட்டிவைத் தாள்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டால் கான்டாக்ட் அச்சு எடுக்கலாம். பெருக்கிய அச்சு எதிலும் பார்க்க முடியாத ஒரு நுட்பம் அதில் இருக்கிறது.

படி 2: தாள்

இருவகைத் தாள்கள் உண்டு. ஆர்.சி. தாளில் காகிதத்தின் இரு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் ரசாயனம் உள்ளே ஊறாது. ஒரு நிமிடம் டெவலப்பர், அரை நிமிடம் ஃபிக்ஸர், இரண்டு நிமிடம் கழுவல், அவ்வளவுதான். காய்ந்த பிறகும் தட்டையாகவே கிடக்கும். ஃபைபர் தாளில் அந்தப் பூச்சு இல்லை. காகிதத்துக்கும் ஒளியை உணரும் எமல்ஷனுக்கும் நடுவே பேரியம் சல்பேட் அடுக்கு ஒன்று மட்டும் இருக்கும். காகிதம் ரசாயனத்தைக் குடித்துவிடுவதால் நெடுநேரம் கழுவ வேண்டும். காயும்போது சுருளும். இத்தனை தொல்லைக்குப் பிறகும் சுவரில் மாட்டும் அச்சுக்கு நான் ஃபைபரைத்தான் எடுப்பேன்.

தொடக்கத்தில் ஒரே நிறுவனத்தின் இரு தாள்களை மட்டும் வாங்குங்கள். பழகுவதற்கு இல்ஃபோர்டின் மல்டிகிரேட் ஆர்.சி. டீலக்ஸ், இறுதி அச்சுக்கு அதே நிறுவனத்தின் மல்டிகிரேட் எஃப்.பி. கிளாசிக். ஃபோமா நிறுவனத்தின் தாளை விரும்பினால் ஃபோமாப்ரோம் வேரியன்ட் 111 அருமையான ஃபைபர் தாள். ஃபைபரில் பளபளப்பு ரகத்தை எடுத்துக் காற்றில் உலரவிடுங்கள். கண்ணைக் கூசாத மென்மையான பளபளப்பும் ஆழமான கருமையும் சேர்ந்து கிடைக்கும். பளபளப்பில்லாத மேட் தாளின் கருமை ஒருபோதும் அந்த ஆழத்துக்கு இறங்காது. முதல் ஆறு மாதம் மேட் பக்கமே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மேலே சொன்னவை எல்லாம் கான்ட்ராஸ்டை, அதாவது கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டை, மாற்றக்கூடிய தாள்கள். வேறுபாடு குறைந்தால் மென்மை, கூடினால் கடினம் என்போம். இவற்றின் எமல்ஷனில் நீல ஒளிக்குக் கடினமாகவும் பச்சை ஒளிக்கு மென்மையாகவும் வினைபுரியும் பகுதிகள் கலந்திருக்கின்றன. மஞ்சள் ஃபில்டர் நீலத்தைத் தடுப்பதால் அச்சு மென்மையாகும், மெஜந்தா ஃபில்டர் பச்சையைத் தடுப்பதால் கடினமாகும். இல்ஃபோர்டு ஃபில்டர்கள் மிக மென்மையான 00-இல் தொடங்கி மிகக் கடினமான 5 வரை செல்லும். 00 முதல் 3½ வரை ஒளி கொடுக்கும் நேரம் ஒன்றே போதும். 4 முதல் 5 வரை நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும்.

நம் இலக்கு 2ஆம் எண் ஃபில்டர். நெகட்டிவ் அதில் நன்றாக அச்சாகிறது என்றால் மென்மையாக்கவும் கடினமாக்கவும் இரு பக்கமும் இடம் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

கான்ட்ராஸ்டை மாற்ற முடியாத, ஒரே கிரேடு கொண்ட தாள்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கான்டாக்ட் அச்சுக்காரர்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசும் கோடாக் ஏஸோ தாளைத் தேடியும் அலைய வேண்டாம். கோடாக் தன் கருப்பு வெள்ளைத் தாள் தயாரிப்பை நிறுத்துவதாக 2005-இல் அறிவித்துவிட்டது. எங்கோ மிஞ்சியிருக்கும் பழைய பெட்டி, கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு ஆசானாக இருக்க முடியாது.

படி 3: பிலிம்

என் பரிந்துரை இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ், அதன் வேகம் ஐ.எஸ்.ஓ. 400. பெரிய கேமராவில் முன்னும் பின்னும் தெளிவாக விழ எஃப்/22, எஃப்/32 என்று துளையைச் சுருக்கியே ஆக வேண்டும். மர நிழலில் நின்றால் நேரம் உடனே நொடிக்கணக்கில் நீளும். நேரம் நீள நீள பிலிம் சோர்ந்துபோகும், ஒளியை அளக்கும் மீட்டர் காட்டும் நேரம் போதாது. மீட்டர் 10 நொடி என்று சொன்னால் எச்.பி.5-க்கு ஏறக்குறைய 20 நொடி, எஃப்.பி.4 பிளஸுக்கு 18, டி-மேக்ஸ் 100-க்கு 15 நொடி தர வேண்டும். ஃபோமாபான் 100-க்கு அதே 10 நொடி 80 நொடியாகிவிடும். காற்றில் இலை அசையும் இடத்தில் 80 நொடி என்பது வேறு ஒரு படம். வாங்கும் முன் பிலிமின் தகவல் தாளில் இந்த ஒரு பகுதியையாவது படித்துவிடுங்கள்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. வெளிச்சம் தாராளமாக இருக்குமிடத்தில் ஐ.எஸ்.ஓ. 125 கொண்ட எஃப்.பி.4 நம்பகமானது, தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். டி-மேக்ஸ், டெல்டா பிலிம்கள் துல்லியமானவை. ஆனால் டெவலப்பரின் வெப்பநிலையோ நேரமோ சற்றுப் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும், கை பழகிய பிறகு அவற்றுக்கு வாருங்கள். தாள் வடிவில் வரும் டிரை-எக்ஸ் 320, சுருளில் வரும் டிரை-எக்ஸ் 400 அல்ல. 320 நிழல் பகுதிகளைப் பிரித்துக் காட்டுவதில் மெதுவானது, ஒளிப் பகுதிகளைப் பிரிப்பதில் வேகமானது. விளக்கு வைத்து எடுக்கும் முகப் படங்களுக்கு அந்தக் குணம் அழகாகப் பொருந்தும். ஃபோமாபானின் எமல்ஷன் ஈரத்தில் மென்மையாக இருக்கும், தட்டில் பல பிலிம்களைப் புரட்டும்போது கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்ஃபோர்டு ஆர்த்தோ பிளஸ் சிவப்பு ஒளியை உணராது. அடர்சிவப்பு விளக்கில் படம் எழுந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஆனால் உதடும் செங்கல்லும் கறுத்துவிடும்.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டெவலப்பரும் ஒன்றே போதும். ஐ.டி.11 அல்லது டி-76, இரண்டும் ஏறக்குறைய ஒரே மருந்து.

படி 4: தாளையும் பிலிமையும் பொருத்துவது

நான் விழுந்த இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஒளியே படாத ஒரு பிலிம் தாளை வழக்கம்போல் டெவலப் செய்து ஃபிக்ஸ் செய்து காயவையுங்கள். படம் எதுவும் இருக்காது, பிலிமின் அடிப்படை நிறம் மட்டும் இருக்கும். அதை என்லார்ஜரின் நெகட்டிவ் சட்டத்தில் வைத்து, வழக்கமாக எடுக்கப்போகும் அச்சின் அளவுக்குத் தலையை உயர்த்தி நிறுத்துங்கள். கான்டாக்ட் அச்சு எடுப்பவர்கள் பிலிமைத் தாள்மேல் வைத்துக் கண்ணாடியால் மூடினால் போதும். 2ஆம் ஃபில்டரைப் போட்டு, ஒரு அட்டையை நகர்த்தி நகர்த்தி 3, 6, 9, 12 நொடி என்று தொடர்ந்து பட்டை பட்டையாக ஒளி கொடுங்கள். டெவலப்பரில் முழு நேரமும் வையுங்கள், பாதியில் எடுக்க வேண்டாம்.

தொடக்கப் பட்டைகள் சாம்பல் நிறமாக இருக்கும், வர வரக் கறுக்கும், ஓரிடத்துக்குப் பிறகு அடுத்த பட்டைக்கும் இதற்கும் வேறுபாடே தெரியாது. அப்படி வேறுபாடு மறையும் முதல் பட்டைதான் உங்கள் அடிப்படை நேரம். அந்தத் தாள் தரக்கூடிய முழுக் கருமையைத் தொடத் தேவையான மிகக் குறைந்த நேரம் அது. மிகச் சில நொடிகளிலேயே முடிந்துவிட்டால் லென்ஸ் துளையைச் சுருக்கி மறுபடி செய்யுங்கள்.

இனி எந்த நெகட்டிவையும் அதே உயரம், அதே துளை, அதே ஃபில்டர், அதே நேரத்தில் அச்சிட்டுப் பாருங்கள். நுணுக்கம் தெரிய வேண்டிய நிழல் முழுக் கறுப்பாகிவிட்டால் கேமராவில் ஒளி போதவில்லை. மேகம் வெறும் வெள்ளைத் தாளாக நின்றால் பிலிமை அதிகம் டெவலப் செய்திருக்கிறீர்கள், மேகம் சாம்பலாக இருந்தால் குறைவாகச் செய்திருக்கிறீர்கள். டெவலப் நேரத்தை 15 சதவீதம் கூட்டியோ குறைத்தோ அடுத்த பிலிமில் சோதியுங்கள்.

நான் இதையெல்லாம் செய்தேன். பட்டைகளை ஈரத்தில் வைத்துப் படித்ததுதான் தவறு. நீர் படிந்த தாளில் கருமை ஆழமாகத் தெரியும், பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் ஒன்றிவிட்டதுபோல் தோன்றும். 9 நொடியிலேயே முழுக் கருமை வந்துவிட்டது என்று குறித்துக்கொண்டேன். காய்ந்திருந்தால் 12 நொடி வரை பட்டைகள் தனித்தனியாகத் தெரிந்திருக்கும். குறைந்த நேரத்தில் அச்சிட்டதால் ஒவ்வொரு நெகட்டிவிலும் மேகங்கள் வெளுத்துப்போயின. அதிகம் டெவலப் செய்கிறேன் என்று நம்பி நேரத்தைக் குறைத்தேன், நெகட்டிவ்கள் சப்பையாயின. நிழலோ முழுக் கருமையைத் தொடவே இல்லை. அந்த ஒரு வருடச் சாம்பலுக்குக் காரணம் 3 நொடிதான்.

ஆகவே சோதனைப் பட்டையைக் கழுவி, முடி உலர்த்தும் கருவியால் முழுக்கக் காயவைத்து, இருட்டறையின் பாதுகாப்பு விளக்கை விட்டு வெளியே வந்து, அச்சை மாட்டப்போகும் இடத்தின் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஃபைபரில் இன்னொரு சிக்கலும் உண்டு. காயும்போது ஒளிப் பகுதிகள் சற்றுக் கறுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரியும் ஓர் அச்சை எடுத்துத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். அதே நெகட்டிவை 4, 6, 8, 10 சதவீதம் குறைந்த நேரங்களில் அச்சிட்டுக் காயவையுங்கள். காய்ந்தவற்றில் எது ஈர அச்சைப்போல் இருக்கிறதோ அந்தச் சதவீதத்தைத் தாள் பெட்டியின் மூடியில் எழுதிவையுங்கள். ஒவ்வொரு ஃபைபர் தாளுக்கும் இது மாறும்.

படி 5: ஃபைபரைக் கழுவுதல்

விரைவு ஃபிக்ஸரில் ஒரு நிமிடம், ஓடும் நீரில் 5 நிமிடம், கழுவலுக்கு உதவும் கரைசலில் 10 நிமிடம், மீண்டும் நீரில் 5 நிமிடம். அந்தக் கரைசலைப் பயன்படுத்தாவிட்டால் ஒரு மணி நேரம் கழுவ வேண்டும். ஃபிக்ஸரில் நெடுநேரம் ஊறவிடாதீர்கள், ஊறிய அளவுக்குக் கழுவுவது கடினமாகும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் சில கேள்விகள் எழுப்பினார்கள்.

நண்பரின் என்லார்ஜரில் அச்சிட்டபோது அதே நெகட்டிவ் மிகவும் கடினமாக வந்தது என்றார் ஒருவர். அவருடையது ஒளியைப் பரப்பும் வகை, நண்பருடையது லென்ஸால் ஒளியைக் குவிக்கும் கண்டென்ஸர் வகை. கண்டென்ஸரில் நெகட்டிவ் கூடுதல் கான்ட்ராஸ்டோடு விழும். என்லார்ஜர் மாறினால் படி 4 முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும்.

பைரோ டெவலப்பர் பயன்படுத்துபவருக்கு 2ஆம் ஃபில்டரில் மேகங்கள் மங்கின. பைரோ விட்டுச்செல்லும் மஞ்சள் பச்சைக் கறை, கான்ட்ராஸ்ட் மாறும் தாளுக்கு மென்மையான ஃபில்டர்போல் வேலை செய்கிறது. படி 4-இல் சொன்ன வெற்றுப் பிலிமையும் பைரோவிலேயே டெவலப் செய்யுங்கள், 3ஆம் ஃபில்டரில் தொடங்குங்கள்.

இடம் வலம் மாறிய மங்கலான கான்டாக்ட் அச்சுகளை ஒருவர் அனுப்பியிருந்தார். நெகட்டிவின் எமல்ஷன் பக்கம் தாளின் எமல்ஷனைத் தொட வேண்டும். பிலிமை நெட்டுவாக்கில் பிடித்து, ஓரத்து வெட்டுக்குறிகள் வலது மேல் மூலையில் இருந்தால் எமல்ஷன் உங்களைப் பார்த்திருக்கிறது. ஹோல்டரில் இருட்டில் ஏற்றும்போதும் இதுவே அடையாளம்.

வீட்டில் கிடந்த பழைய தாளைப் பயன்படுத்தலாமா என்பது பலரும் கேட்டது. இருட்டறையில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை ஒளி காட்டாமல் டெவலப் செய்து ஃபிக்ஸ் செய்யுங்கள், மற்றதை நேராக ஃபிக்ஸரில் போடுங்கள். காய்ந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் துண்டு சற்றேனும் சாம்பலாகத் தெரிந்தால் அந்தப் பெட்டியைச் சோதனை அச்சுகளுக்குக்கூட எடுக்காதீர்கள்.