ரீமேப் செய்த வண்டிக்கு எந்த கிளட்ச், எந்த ஃப்ளைவீல்: முதல்முறை மாற்றுபவர்களுக்கு

"அண்ணே, பட்டன் பிளேட் போட்டுரலாமா?" காரைக்குடி நூறடி ரோட்டில் டீ குடிக்க நின்றால், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்த வண்டி வைத்திருக்கும் தம்பி யாராவது இதைக் கேட்டுவிடுவான். பட்டன் பிளேட் என்றால், உராயும் பொருளை முழு வட்டமாக இல்லாமல் தனித்தனித் துண்டுகளாகப் பதித்த கிளட்ச் பிளேட். சரி, உன் வண்டி டார்க் (இன்ஜினின் முறுக்குவிசை) எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன். டார்க்கைத் தாங்குகிறவற்றில் எது காலுக்கு மென்மையாக இருக்கிறதோ, அதுதான் ரோட்டில் ஓடும் வண்டிக்குச் சரியான கிளட்ச்.

படி 1: கிளட்ச் உண்மையிலேயே ஸ்லிப் ஆகிறதா (வழுக்குகிறதா)?

விடியற்காலையில் தேவகோட்டை ரோடு காலியாக இருக்கும்போது, நான்காவது கியரில் 2000 ஆர்பிஎம்முக்குக் கொஞ்சம் மேலே வைத்து ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். டர்போ பிடிக்கிற இடத்தில் ஆர்பிஎம் முள் மட்டும் விறுவிறுவென்று ஏறி வேகம் ஏறவில்லை என்றால் ஸ்லிப்தான், கருகின வாடையும் சேர்ந்து வரும். அப்படி எதுவும் இல்லையா? இப்போதைக்குப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: டார்க் எண்ணைக் கையில் வையுங்கள்

கிளட்சுக்குக் குதிரைத்திறன் பொருட்டில்லை, டார்க்தான் கணக்கு. அபார்த் புன்டோ காருக்குக் கம்பெனி சொன்ன டார்க் 212 நியூட்டன் மீட்டர். இப்படி உங்கள் வண்டிக்கும் ஒரு எண் இருக்கும், ரீமேப்புக்குப் பிறகு அது கூடியிருக்கும். டைனோவில் (வண்டியை உருளைமேல் ஓடவிட்டு அளக்கும் மெஷின்) சக்கரத்தில் அளந்த எண்ணை எடுக்காதீர்கள், வழியில் கியர்பாக்ஸ் தின்றது போக மிச்சம்தான் அது. இன்ஜினிலிருந்து வருவதைத்தான் கிளட்ச் தாங்க வேண்டும். அந்த எண்ணோடு கால்பங்கு சேருங்கள். என் டர்போ பெட்ரோல் வண்டிக்கு ரீமேப்புக்குப் பின் 290, அதனால் நான் தேடியது 360 சுமாருக்குத் தாங்கும் செட்.

படி 3: அந்த டார்க் எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் கடையில் யார் என்ன சொன்னாலும் நீங்களே எடைபோடலாம். உராய்வுக் கெழு (பரப்பு எவ்வளவு பிடிக்கும் என்ற எண்), பிரஷர் பிளேட் கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, இந்த நான்கையும் பெருக்கினால் கிளட்ச் தாங்கும் டார்க். ஒரே பிளேட் என்றால் முன்னும் பின்னுமாக 2 பரப்பு. எடுத்துக்காட்டுக்கு 0.3 கெழு, 5200 நியூட்டன் விசை, 9 செ.மீ. ஆரம் என்று வைத்தால் 281 வரும். 290 டார்க் வந்தால் வழுக்கத்தானே செய்யும்!

இதைக் கூட்ட இரண்டு சுலபமான வழி. விசையை 7000 ஆக்கினால் 378 தாங்கும், ஆனால் பெடலும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கனமாகும். விசையைத் தொடாமல் கெழுவை 0.4 ஆக்கினால் 374, பெடல் பழையபடியே இருக்கும், ஆனால் பிடிமானம் வெடுக்கென்று வரும். ஒன்றைக் கூட்ட இன்னொன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

படி 4: பிளேட்

ஆர்கானிக் மெதுவாகப் பிடிக்கும், டவுனுக்கு அதுதான் சுகம். கெவ்லார் நாள்பட உழைக்கும், ஆனால் பழக்கி எடுக்கப் பொறுமை வேண்டும், ஒருமுறை நன்றாகச் சூடேறிப் பளபளத்துவிட்டால் பழைய பிடி திரும்பாது. செராமிக் பட்டன் பிளேட் சூட்டைத் தாங்கும், ட்ராக்குக்கு அருமை.

நான் முதலில் போட்டது 6 பட்டன் பிளேட், அதுவும் நடுவில் அதிர்வை வாங்கும் ஸ்பிரிங் இல்லாதது, கூடவே கனமான பிரஷர் பிளேட். வேறொரு ஊரில் ஒரு கடையில் 'இதுதான் பெஸ்ட்' என்றார்கள், நம்பினேன். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போகும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது: வண்டி ஊர்ந்து போகவே மாட்டேன் என்கிறது, ஒன்று நிற்கும் அல்லது உதறிக்கொண்டு பாயும், பின்சீட்டில் அம்மாவுக்குக் கழுத்து வலி, எனக்கு இடது முழங்கால் அன்று இரவு முழுக்கக் கடுத்தது. இரண்டே மாதத்தில் கழற்றிவிட்டு ஸ்பிரிங் வைத்த ஆர்கானிக் பிளேட்டும் கொஞ்சம் அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும் போட்டேன். அதே 290ஐ அதுவும் தாங்குகிறது. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு ஸ்பிரிங் இல்லாத பிளேட் வேண்டவே வேண்டாம்.

படி 5: ஃப்ளைவீல்

பழைய ரைஸ்மில் ஆயில் இன்ஜினின் பெரிய இரும்புச் சக்கரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவில் இன்ஜினை நிற்கவிடாமல் சுற்ற வைப்பது அதுதான். காரிலும் அதே வேலை. எடையைக் குறைத்தால் இன்ஜின் சட்டென்று ஏறி இறங்கும்.

எவ்வளவு லாபம்? மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி 4 கிலோ குறைக்கிறீர்கள், முதல் கியரின் மொத்த விகிதம் 14, சக்கர ஆரம் 30 செ.மீ. என்று வையுங்கள். முதல் கியரில் வண்டியிலிருந்து சுமார் 87 கிலோ இறக்கியது மாதிரி. மொத்த விகிதம் 3 ஆகும் ஐந்தாவது கியரிலோ வெறும் 4 கிலோதான். ஆக, நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்குப் பெரிய பலன் இல்லை. எடை குறையக் குறைய ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது கடினமாகும். நம் பக்கம் சமதரை, கொடைக்கானல் ஏறுபவர்கள் யோசியுங்கள்.

உங்கள் வண்டியில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (இரண்டு பாகமாகச் செய்தது) இருந்தால் அதிர்வை வாங்கும் ஸ்பிரிங் அதற்குள்ளேயே இருக்கும். அதை எடுத்துவிட்டு சிங்கிள் மாஸ் போட்டால், நியூட்ரலில் கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும். ஸ்பிரிங் வைத்த பிளேட்டும் அவசியம். அதனால் இரண்டையும் ஒரே செட்டாக வாங்குங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத் பட்டறையில் கொடுத்து எடை குறைக்கச் சொல்லாதீர்கள். அதிக ஆர்பிஎம்மில் அது வெடித்தால் துண்டுகள் பானெட்டையும் தரையையும் கிழித்துக்கொண்டு வரும், பக்கத்தில் உங்கள் கால் இருக்கிறது. ஃபோர்ஜ்டு ஸ்டீலில் செய்தது, முடிந்தால் எஸ்எஃப்ஐ 1.1 (ரேஸ் உதிரிபாகங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புத் தரம்) சான்று உள்ளது, அதை வாங்குங்கள்.

படி 6: மாட்டும்போது

கியர்பாக்ஸ் இறக்கியாயிற்று என்றால் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிப்பது), கிராங்க் பின்பக்க ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போடுங்கள். சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டால் புது கிளட்சும் வழுக்கும். ஃப்ளைவீல் போல்ட் புதிது, டார்க் ரெஞ்ச் கட்டாயம், மேனுவலில் போட்ட அளவு. பிளேட்டை அலைன்மென்ட் டூலால் நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கச் சொல்லுங்கள். உராயும் பரப்பில் கைரேகை எண்ணெய்கூட இருக்கக் கூடாது, பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும்.

அப்புறம் ஏறக்குறைய 800 கி.மீ. பழக்குங்கள், கெவ்லார் என்றால் இன்னும் கூட. முழு மிதி வேண்டாம். கியர் அடிக்கடி மாறும் ஊர் ஓட்டம்தான் இதற்கு நல்லது, செக்காலை ரோடு, கழனிவாசல் என்று சுற்றினாலே போதும். அது முடிந்த பிறகு ஒரு விடியற்காலையில் தேவகோட்டை ரோட்டுக்குப் போய், படி 1ல் சொன்ன அதே நான்காவது கியர் சோதனையை மறுபடி செய்து பாருங்கள்.