ஊரைப் பிரிந்தவர் கஜல் எழுத: முதலில் ரதீஃபைப் பிடியுங்கள்

பிரிந்த ஊரைப் பற்றி நான் முதலில் எழுத முயன்ற கஜலுக்கு (உருதுவில் பேர்பெற்ற கவிதை வடிவம்) ரதீஃபாக 'அழுகிறேன்' என்று வைத்தேன். ரதீஃப் என்றால் ஒவ்வொரு ஷேரின் முடிவிலும் மாறாமல் திரும்பி வரும் சொல். இரண்டடி சேர்ந்தால் ஒரு ஷேர். ஐந்து ஷேர் எழுதினேன், ஐந்திலும் ஒரே ஒப்பாரி. மொத்தத்தையும் அடித்துவிட்டு 'அங்கே' என்று மாற்றினேன்:

சாவி என் பையில் இருக்கு, பூட்டிய கதவு அங்கே
கண்ணை மூடினால் போதும், போய்விடும் கனவு அங்கே

துக்கத்தைச் சொல்லும் சொல் ரதீஃபாக வேண்டாம். தூரத்தைச் சொல்லும் சொல்லாக எடுங்கள். அது திரும்பத் திரும்ப வரும்போது ஏக்கம் தானாக ஏறும்.

ரதீஃபுக்கு முன்னால் வரும், ஒலி ஒத்த சொல் காஃபியா: கதவு, கனவு, நிலவு, உறவு, இரவு. நமக்கு எதுகை அடியின் தொடக்கத்தில் கேட்டுப் பழக்கம். இங்கே ஒலி ஒத்துவர வேண்டிய இடம் கடைசி. அதனால் காஃபியாச் சொற்களைப் பத்துப் பன்னிரண்டாவது எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் ஷேரான மத்லாவில் இரண்டு அடியும் இப்படி முடியும். பிறகு இரண்டாம் அடி மட்டும்:

இதுவும் அதே பிறைதான் என்கிறார்கள், பார்க்கிறேன்
கிணற்றில் இறங்கிக் குளித்த நிலவு அங்கே

சேர்த்துப் படித்தால் 'நிலவங்கே' ஆகிவிடும். நான் பிரித்தே படிக்கிறேன். காஃபியா காதில் விழ வேண்டும்.

கதைபோல் ஷேர்களைக் கோக்காதீர்கள். ஒன்றைப் பிய்த்து எடுத்தாலும் அது தனியாக நிற்க வேண்டும். குறைந்தது ஐந்து எழுதுங்கள்.

கடைசி ஷேர் மக்தா. கவிஞர் தன் புனைபெயரை அதில் வைப்பார். இதற்கு எனக்குப் பாடம் பகதூர் ஷா ஜாபர்தான். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு டெல்லியிலிருந்து ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862இல் அங்கேயே இறந்த கடைசி முகலாய மன்னர். அவர் பெயரில் பாடப்படும் கஜலின் மக்தா சொல்வது இது: ஜாபர் எத்தனை துரதிர்ஷ்டசாலி, தன்னைப் புதைக்க அன்புக்குரியவரின் தெருவில் இரண்டு கஜம் நிலம்கூடக் கிடைக்கவில்லை. 'ஜாபர்' என்றால் வெற்றி என்று பொருள். அந்தப் பெயரையே துரதிர்ஷ்டசாலி என்று அழைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். டெல்லி என்ற பெயரே அதில் வரவில்லை, கவனியுங்கள். தெரு வருகிறது, இரண்டு கஜம் என்ற அளவு வருகிறது. நாட்டைக் காதலியாகப் பேசுவது கஜலில் ஊறிய வழக்கம். எனவே ஊர்ப் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு சாவி, ஒரு கிணறு, ஓர் அளவு போதும்.

முடித்ததும் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். முஷாயிரா எனும் உருதுக் கவியரங்குகளில் செய்வதுபோல முதல் அடியை இரண்டு முறை சொல்லுங்கள். இரண்டாம் அடியில் காஃபியா வந்ததும் ஒரு நொடி நிறுத்துங்கள். மூன்றாவது ஷேருக்குள் எதிரில் இருப்பவர் வாய் 'அங்கே' என்று முந்திக்கொண்டால் ரதீஃப் சரி. இல்லாவிட்டால் வேறு சொல் தேடுங்கள்.