ஸ்பேசரைக் கழுவினால் துணியால் துடைக்காதீர்கள்

சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு பம்ப் (இன்ஹேலர்) எடுப்பவர்கள், பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் குழாயான பிளாஸ்டிக் ஸ்பேசரை மாதம் ஒருமுறை, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு சில துளி கலந்து கழுவி, உள்பக்கத்தை அலசாமல் துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள், வாய் வைக்கும் இடத்தை மட்டும் துடைத்தால் போதும். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறும், நுரையீரலுக்குப் போகவேண்டிய மருந்து சுவரில் ஒட்டி வீணாகும். சோப்புப் படலம் அதைத் தடுக்கிறது. புது ஸ்பேசரையும் இப்படிக் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள், நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பினாங்கு ஈரக்காற்றில் சீக்கிரம் காயாது, இரவே கழுவி வையுங்கள்.

உலோக ஸ்பேசருக்கும் நிலைமின்சாரம் ஏறாத வகைக்கும் இந்தக் கவலை இல்லை. பவுடராக உறிஞ்சும் இன்ஹேலரில் தண்ணீரே படக்கூடாது, அதற்கு ஸ்பேசரும் தேவையில்லை.