ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனால் போதுமா?

கணக்கு மென்பொருளில் ட்ரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைத் தொகுத்த பட்டியல்) டேலி ஆகிவிட்டது, அதாவது இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் சமமாகிவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். பற்றும் வரவும் சமமில்லாத பதிவை மென்பொருள் பொதுவாக ஏற்கவே ஏற்காது. ஆகவே டேலி ஆவதில் அதிசயம் ஒன்றுமில்லை. வாடகையைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதினாலும், ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றினாலும், ஒரு பில்லை அடியோடு விட்டுவிட்டாலும் டேலிதான்.

மாதக் கடைசியில் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு வங்கிப் பேரேட்டை (உங்கள் கணக்கில் வங்கிப் பணப் பதிவுகள் உள்ள பகுதி) ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் உரிய வவுச்சர் எண்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். 412-க்கு அடுத்து 414 வந்தால், 413 எங்கே போனது? பெரும்பாலும் யாராவது ரத்து செய்திருப்பார்கள். யார், எப்போது என்பது ஆடிட் ட்ரெயிலில் (யார் எப்போது எதை மாற்றினார் என்று மென்பொருள் தானே வைக்கும் பதிவு) தெரிய வேண்டும். அந்த வசதி அணைந்திருந்தால் இன்றே ஆன் செய்யுங்கள்.

தவறான பதிவை அழிக்காமல், எதிர்ப்பதிவு (அதே தொகையைப் பற்று, வரவு மாற்றிப் போடுவது) போட்டுவிட்டுச் சரியானதைப் புதிதாக ஏற்றுங்கள்.

எல்லோரும் ஒரே லாகினில் நுழைகிற அலுவலகத்தில் (நிறையவே உண்டு) ஆடிட் ட்ரெயில் இருந்தும் பயனில்லை. எல்லாத் திருத்தமும் ‘அட்மின்’ தலையில்தான் விழும். ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். புதிய சப்ளையரைச் சேர்ப்பவரும் அவருக்குப் பணம் அனுப்புபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம்.