ஏழு மீட்டர் குழாயில் தொலைந்த துகள்கள்

ஜொகன்னஸ்பர்க்குக்கு மேற்கே ஒரு பண்ணையின் புல்வெளியில் எங்கள் கன்டெய்னர் நிற்கிறது. உள்ளே காற்றில் மிதக்கும் நுண்துகள்களை எண்ணும் கருவிகள். சென்ற குளிர்காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் பயிற்சிக்கு வந்திருந்தாள். இரண்டாவது வாரமே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, இங்கே புதுசா துகள் எதுவும் பிறக்கலை. அஞ்சு நானோமீட்டருக்குக் கீழே அனேகமா ஒண்ணுமே இல்லை. எல்லாம் வேற எங்கேயோ பிறந்து வளர்ந்து காத்தோட வருது."

நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே வாக்கியத்தைச் சொன்னவள் நான். அப்புறம் அதற்குக் கொடுத்த விலையும் நினைவுக்கு வந்தது. அதனால்தான், துகள் அளக்கப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளை இங்கே எழுதுகிறேன். பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள், தேதியைக் குறித்து வையுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அவற்றை நீங்களே ஒருமுறை மறந்து கற்றுக்கொள்வீர்கள்.

புகையைப் பார்த்துப் பிறப்பு என்று நினைப்பது

டர்பனுக்கு வடக்கே கரும்பு வெட்டும் முன் தோகையைக் கொளுத்துவார்கள். கரித்தூள் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் விழும். புதிதாக வருகிறவர்கள் அதைக் காட்டி, "இதோ துகள் உருவாகிறது" என்பார்கள். அது உருவாவதல்ல, துகளாகவே வெளியே வருவது.

நான் சொல்லும் பிறப்பில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, வெறும் வாயுதான். முமலாங்கா மாகாணத்தின் நிலக்கரி மின் நிலையங்களும், வேறு பக்கங்களில் பிளாட்டினம் உருக்கும் ஆலைகளும் விடும் கந்தக டை ஆக்சைடு, வெயிலில் உண்டாகும் ஹைட்ராக்சில் என்ற துடிப்பான மூலக்கூறோடு வினைபுரிந்து கந்தக அமில ஆவியாகிறது. அதன் மூலக்கூறுகள் சில, அம்மோனியாவையோ அதன் உறவான அமீன்களையோ துணைக்குச் சேர்த்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. கிடைப்பது ஒன்று, இரண்டு நானோமீட்டர் அளவுள்ள ஒரு கொத்து. பெரும்பாலான கொத்துகள் உடனே பிரிந்துவிடும். மிஞ்சியவற்றின் மேல் செடிகொடிகள் விடும் ஆவிகளும் வெயிலில் மாறிப் படியப் படிய, மணிக்கு 1 முதல் 20 நானோமீட்டர் வரை வளரும். 50, 100 நானோமீட்டரைத் தொட்டால் மேகத்துளிக்கு விதையாகலாம்.

புகை அடர்ந்த காற்றில் இது நடப்பது குறைவு. ஏற்கெனவே மிதக்கும் பெரிய துகள்கள் அமில ஆவியையும் இழுத்துக்கொள்ளும், பிறந்த குஞ்சுகளையும் விழுங்கிவிடும்.

எடையை வைத்து எண்ணிக்கையைத் தேடுவது

பி.எம் 2.5 எண் குறைந்தால் துகள் இல்லை என்று அர்த்தமில்லை. அது 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களின் எடைக் கணக்கு. பத்து லட்சம் 10 நானோமீட்டர் துகள்கள் சேர்ந்தால்தான் ஒரே ஒரு 1 மைக்ரோமீட்டர் துகளின் எடை வரும்.

குழாயின் நீளத்தை அளக்காமல் விடுவது

இதுதான் என் வயிற்றெரிச்சல்.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் கருவியை ஒரு மூலையில் வைத்தோம், ஏசி அங்கே நன்றாக வந்தது என்பதற்காக. கூரையிலிருந்து காற்றை உள்ளே கொண்டு வரும் குழாய் சுவரோரமாகச் சுற்றி அந்த மூலைக்கு வந்து சேர்ந்தது. மொத்தம் ஏழு மீட்டர். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் காற்று அதில் ஓடியது. பச்சை விளக்கு எரிந்தது, எண்கள் வந்தன. வறண்ட மாதங்கள் முழுவதும் அளந்து, "இங்கே பிறப்பு இல்லை, வரவு மட்டுமே" என்று கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கமும் அனுப்பிவிட்டேன். படித்துப் பார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: குழாயின் நீளம் என்ன?

காவடி ஊர்வலத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்கள் நேராக நடந்து கோயில் வாசல் சேருவார்கள். சின்னப் பிள்ளைகள் பக்கவாட்டில் ஓடி, ஓரத்துக் கடைகளில் நின்றுவிடுவார்கள். குழாய்க்குள்ளும் அப்படித்தான். துகள் சிறிதாக ஆக, காற்று மூலக்கூறுகளின் இடியில் அது அதிகமாகத் தத்தளிக்கும். சுவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், திரும்பாது. என் குழாய்க்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 50 நானோமீட்டர் துகள் நூற்றுக்கு 95 உள்ளே வந்து சேரும். 10 நானோமீட்டர் என்றால் 65. 3 நானோமீட்டரில் வெறும் 5. பிறப்பு நடக்கும் அளவே அதுதான். பிள்ளைகளையெல்லாம் வழியில் தொலைத்துவிட்டு, இந்த ஊரில் குழந்தையே பிறப்பதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நம்பும்படியாக இருந்தது என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. பழுதான பம்ப் சத்தம் போடும். நீளமான குழாய் எதுவும் சொல்லாது. ஒழுங்கான, அழகான, பொய்யான வரைபடத்தைத் தரும். கொஞ்சம் நிதானித்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இந்த மேட்டு நிலம் துகள் பிறப்புக்குப் பேர்போனது. பிளாட்டினம் சுரங்க ஊரான மரிக்கானாவில் அளந்த நாட்களில் பத்தில் எட்டுக்கும் மேல் பிறப்பு நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அதே வானத்தின் கீழ் எனக்கு மட்டும் பூஜ்யம் என்றால் கோளாறு வானத்திலா இருக்கும்?

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னொரு முட்டாள்தனம். குழாய் ஒல்லியாக இருப்பதால்தான் சுவரில் மோதுகிறது என்று முடிவு கட்டி, கடைக்குப் போய்த் தடித்த குழாய் வாங்கி மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. சீராக ஓடும் காற்றில் இந்த இழப்பைத் தீர்மானிப்பவை குழாயின் நீளமும் ஓட்டத்தின் அளவும்தான், விட்டம் அல்ல. அகலமான குழாயில் சுவர் தள்ளிப் போகும். ஆனால் காற்று மெதுவாக நகர்வதால் துகளுக்குச் சுவரைத் தேடிப் போக நேரமும் கூடும். இரண்டும் சரிக்குச் சரி. இது புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது.

தடித்த குழாய்க்கு வேறு ஒரு பயன் உண்டு. தனியாக ஒரு பம்ப் வைத்து அதில் நிமிடத்துக்கு 10 லிட்டர் இழுங்கள். அந்த ஓட்டத்தின் நடுவிலிருந்து கருவிக்கு வேண்டிய ஒரு லிட்டரை மட்டும் எடுங்கள். ஒல்லிக் குழாயில் 10 லிட்டர் இழுத்தால் காற்று சுழலத் தொடங்கிவிடும், அது வேறு தலைவலி. ஏழு மீட்டரிலேயே 3 நானோமீட்டர் துகள் 5-லிருந்து 63-க்கு ஏறும். இரண்டு மீட்டராகக் குறைத்தால் 80-ஐத் தாண்டும். குழாய் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மின்னேற்றமுள்ள துகள்களை அது தன் பங்குக்குப் பிடித்துக்கொள்ளும்.

இழப்பைக் கணக்குப் போட்டுத் திருத்திவிடலாமே என்பீர்கள். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் நூறில் ஐந்து வந்ததை இருபதால் பெருக்கும்போது, அந்த ஐந்தில் இருக்கும் தடுமாற்றமும் சேர்ந்து இருபது மடங்காகிறது. என்னுடைய மாதங்கள் அப்படித்தான் போயின. சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

கோயம்புத்தூர்ப் பெண்ணிடம் நான் எதையும் விளக்கவில்லை. கையில் ஒரு அளவு நாடாவைக் கொடுத்தேன். கூரையிலிருந்து கருவி வரை அளந்துவிட்டு வந்தாள். "ஆறு மீட்டர் எண்பது, அக்கா." அவள் வருவதற்கு முன் கருவியை இடம் மாற்றியவர்கள் யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் என் கையெழுத்தே இருக்கலாம்.

பியூட்டனால் தீர்ந்ததைப் பார்க்காதது

பியூட்டனால் ஒரு வகை ஆல்கஹால். அதன் ஆவி படிந்து பெருத்தால்தான் துகள் கருவியின் கண்ணில் படும். பாட்டிலைப் பாருங்கள்.

காற்று திரும்பியதை வளர்ச்சி என்று படிப்பது

நேரத்தைக் கிடையாகவும் அளவைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்தால், பிறந்து வளரும் துகள்கள் வாழைப்பழம் போல வளைந்து மேலே ஏறும். நாங்கள் அதை வாழைப்பழம் என்றே சொல்வோம். அந்த வடிவத்தின் மேல் ஆசை வந்துவிட்டால் இல்லாத இடத்திலும் தெரியும். காலை ஒன்பது மணிக்கு 10 நானோமீட்டரில் ஒரு கூட்டம். பத்து மணிக்கு 50-இல் ஒரு கூட்டம். நடுவே கோடு போட்டு, மணிக்கு 40 என்று வளர்ச்சி வேகம் எழுதுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கி ஆலைப் புகையைக் கொண்டு வந்திருக்கும். இரண்டும் வேறு வேறு ஊர்க் கூட்டம். காற்றுத் திசையையும் கந்தக டை ஆக்சைடையும் அதே தாளில் கீழே வரைந்து பார்க்காமல் கோடு போடாதீர்கள்.

கடிகாரம்

கிரீன்விச் நேரமா, இங்குள்ள நேரமா? இரண்டு மணி நேரம் பிசகினால் சூரியன் உதிக்கும் முன்பே துகள் பிறக்கும்.

டர்பன் கணக்கை மேலே கொண்டு வருவது

கடற்கரை ஊரான டர்பனில் சரிபார்த்த ஓட்டமானியை, அதாவது காற்றோட்டத்தை அளக்கும் கருவியை, அப்படியே இங்கே மாட்டுகிறார்கள். ஜொகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் டர்பனைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நிறையை வைத்துக் காட்டும் மானியில் ஒரு லிட்டர் என்று வந்தால், உண்மையில் ஓடுவது ஒன்றே கால் லிட்டருக்குப் பக்கம். ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை துகள் என்று எழுதும்போது, எந்த அழுத்தத்தில் அளந்த சென்டிமீட்டர் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து வருகிறவர் இரண்டாவது முறையும் திருத்துவார்.